ஏஜஸ் என்றால் எவ்வளவு காலம்

பிள்ளைகளாக வந்து லண்டனில் இறங்கி, இன்றைக்கு முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும், எனக்கொன்றும் நட்டமில்லை. ஆனால் இதில் பாதி உங்களுக்குத்தான் விளங்கும்.

போன சனிக்கிழமை ஹரோவில் என் வீட்டில், மகள் போனில் சாப்பாடு ஓடர் பண்ணிவிட்டு ஜன்னலடியில் நின்றாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "அம்மா, திஸ் இஸ் டேக்கிங் ஏஜஸ்" என்றாள். யுகக்கணக்காகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன என்று கேட்டாள். பெரிய கதை என்றேன். பெரிய கதை என்றால் அவளுக்கு வேண்டாம். உங்களுக்குச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவும் நானும் முதலில் வந்துவிட்டோம். அம்மா வயிற்றில் தம்பியோடு கொழும்பில் நின்றுவிட்டார். பேறு கிட்டிவிட்டதால் விமானத்தில் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் பின்னால் வந்துவிடலாம் என்பது திட்டம். எங்கள் ஆட்களின் திட்டங்கள் எப்படிப் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. தம்பி பிறந்தான், குப்புறப் புரண்டான், தவழ்ந்தான், பல்லு முளைத்தது. எல்லாவற்றையும் நாங்கள் கசெற்றில்தான் கேட்டோம்.

கசெற் நினைவிருக்கிறதா? யாராவது வருகிறவர் கையில் அம்மா கொடுத்துவிடுவார். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்து பேசியது. பின்னால் காகம் கத்தும். ரயில் வந்தால் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு, "பொறுங்கோ, உது போகட்டும்" என்பார். ரயில் போய் முடியும்வரை நாங்கள் இருவரும் அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டு இருப்போம். பிறகு, "இஞ்சை பாருங்கோ, உவன் சிரிக்கிறான்" என்று சொல்வார். கசெற்றில் எப்படிப் பார்ப்பது? ஆனாலும் நான் அந்த ரேடியோப் பெட்டியைக் குனிந்து பார்ப்பேன். அந்தப் பெட்டியும் கசெற்றுகளும் எந்த வீடு மாறும்போது போயினவோ தெரியாது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

நாங்கள் இருந்தது வெஸ்ட் ஈலிங்கில், மேல் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் அப்பாவும் நானும், மற்றதில் மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களுக்கு முன்னமே படிக்க வந்தவர். கீழே லாண்ட்லேடி, வயதான வெள்ளைக்காரி, தனிக்கட்டை. படியில் இறங்கினால் அவித்த முட்டைக்கோவாவின் மணமும், காஸ் அடுப்பின் மணமும், ஈரச் சுவரின் மணமும் ஒன்றாக வரும். அவரிடம் பிளாஸ்ரிக்கில் ஒரு மழைத்தொப்பி இருந்தது. விசிறி போல மடித்து, விரல் அளவு உறைக்குள் போட்டு, உறையைப் பொத்தானால் பூட்டி வைப்பார். அதை எனக்கு ஒருநாள் தருவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தரவேயில்லை.

அப்பா பெற்றோல் ஸ்ரேஷனில் ஷிப்ட். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா வரும்வரை நான் லாண்ட்லேடியின் ரீவிக்கு முன்னால் பாணும் ஜாமும் தின்றுகொண்டு இருப்பேன். என்னுடைய ஆங்கிலம் அங்கேதான் வந்தது. அங்கேயும் பள்ளிக்கூட முற்றத்திலும். மாமாவின் ஆங்கிலம் வேறு. அது ஊரில் நல்ல பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தோடு வந்த ஆங்கிலம். நூலகத்தில் போய் இருந்து பேப்பர் வாசிப்பார். நான் "ஐ ஏன்ட்" என்றால் காதைப் பொத்துவார்.

இந்த ஏஜஸ் என்ற சொல்லை முதலில் நான் கயிறடிக்கிற இடத்தில்தான் கேட்டேன். இரண்டு பேர் கயிறைச் சுற்ற ஒருத்தி துள்ளுவாள். மற்றவர்கள் வரிசையில் நிற்போம். எனக்குப் பின்னால் நின்றவள், "நான் ஏஜஸாக நிற்கிறேன்" என்று கத்தினாள். அவள் எனக்குப் பிறகு வந்தவள்! பிறகு பார்த்தால் எல்லோர் வாயிலும் அதுதான். பஸ் வர ஏஜஸ். கேத்திலில் தண்ணீர் கொதிக்க ஏஜஸ். காய்ச்சலில் இரண்டு மூன்று நாள் படுத்துவிட்டுக் கீழே இறங்கினால் லாண்ட்லேடி, "ஐ ஹாவ்ன்ட் ஸீன் யூ ஃபொர் ஏஜஸ், லவ்" என்று கன்னத்தைப் பிடிப்பார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு!

நாங்கள் அப்படிக் கதைப்பதில்லை. எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் அளவு இருக்கிறது. பஸ்ஸுக்கு நின்றால் கனநேரம். ஒருவரை இரண்டு கிழமை, பதினாலு நாள், காணாவிட்டால் கனநாள். கடலுக்கு அப்பால் போனவரைப் பற்றிச் சொன்னால் கனகாலம். கனநேரம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கனகாலம் என்று சொன்னால், "உனக்கென்ன விசரே?" என்பார்கள். வெள்ளைக்காரர் மூன்றையும் ஒரே பைக்குள் போட்டுவிட்டார்கள். இதை எல்லாம் ஒன்பது வயதில் நான் இப்படி வகுத்துச் சொல்லவில்லை. ஆனால் காது கண்டுகொண்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குளிர்காலம் முடிகிற சமயம். அம்மாவின் விசா அலுவலைப் பார்த்தது குரோய்டனில் ஒரு சின்ன லோயர் ஒபிஸ். ஒருநாள் பின்னேரம் கீழே ஹோலில் போன் அடித்தது. லாண்ட்லேடி மேலே பார்த்துக் கூப்பிட்டார். அப்பாதான் போயிருக்க வேண்டும். ஆனால் ஆங்கிலப் போன் என்றால் எங்கள் வீட்டில் மாமாதான். மாமா சேட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு இறங்கினார். போனில் கதைக்கச் சேட்டு எதற்கு என்று அப்போதே எனக்கு யோசனை.

"யெஸ். யெஸ். ஐ ஸீ. யெஸ். தேங்க்யூ. தேங்க்யூ வெரி மச்." வைத்துவிட்டார்.

அப்பா படியின் நடுவில் நின்றார். "என்னவாம்?"

"ஏஜஸ் எடுக்குமாம், அத்தான்."

"அப்பிடியெண்டால்?"

மாமா கொஞ்சம் யோசித்தார். நான் படியின் மேல்முனையில் நின்று அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கனகாலம் எடுக்குமாம்," என்றார். "வருஷக்கணக்கில எண்டுதான் அர்த்தம்."

அப்பா நின்ற படியிலேயே இருந்துவிட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலத் தொடையில் வைத்தார், எடுத்தார், பிறகும் வைத்தார். நான் அன்றைக்குத்தான் அப்பாவைப் பயந்தவராகக் கண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஸ்கொட்லாந்தில் பெரியம்மா இருந்தார், அம்மாவின் அக்கா. பெரியப்பா டொக்ரர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மாமா பெரியம்மாவுக்குப் போன் பண்ணினார். "பொம்பிளைப் பிள்ளை. தகப்பன் ஷிப்டுக்குப் போனால் ஆர் பாக்கிறது? கொஞ்ச நாளெண்டால் பரவாயில்லை, இது வருஷக்கணக்கு" என்று அவர் சொல்வதை மேலே நின்று கேட்டேன். பெரியம்மா என்ன சொன்னார் என்பதை இரவுச் சாப்பாட்டில் மாமா சொன்னார்: "இனி அவள் எங்கடை பிள்ளை எண்டு சொல்லுறா. அங்கை பள்ளிக்கூடத்திலையும் கதைக்கிறாவாம்."

அப்பா சோற்றைப் பிசைந்தபடி, "சரி" என்றார். அவ்வளவுதான். சரி என்ற ஒரு சொல்லில் நான் ஸ்கொட்லாந்துக்காரி ஆகிவிட்டேன்.

எனக்குப் பெரியம்மாவில் ஒரு கோபமும் இல்லை. ஆனால் அம்மா வந்தால் லண்டனுக்குத்தானே வருவார்? நான் அங்கே இருந்தால் என்ன ஆகும்? பெரியம்மா வீட்டிலே வளர்ந்துவிட்டால் திருப்பித் தருவார்களா? தம்பிக்கு நான் அக்காவா, பெரியம்மா வீட்டுப் பிள்ளையா? இதை யாரிடம் கேட்பது? அப்பாவிடம், "அப்பா, ஏஜஸ் எண்டு பள்ளிக்கூடத்தில சும்மாவும் சொல்லுவினம்" என்றேன். "மாமா படிச்சவர், அவருக்குத் தெரியும், பிள்ளை" என்றார். படித்தவர்கள் மேல் எங்கள் ஆட்களுக்கு இருந்த பயம் இருக்கிறதே!

சரியென்று லாண்ட்லேடியிடம் கேட்டேன். ஏஜஸ் என்றால் எவ்வளவு நேரம்?

அவர் சிரித்தார். "இந்தக் கேத்தில் எடுக்கிற நேரம்" என்றார். என் நெஞ்சு குளிர்ந்தது. பிறகு ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அவருடைய மனுசனின் படத்தைப் பார்த்துவிட்டு, "அவர் போயும் ஏஜஸ் ஆகிவிட்டது" என்றார்.

"எவ்வளவு?"

"நீ பிறப்பதற்கு முந்தி, லவ்."

பாணைத் தட்டில் வைத்துவிட்டேன். அப்படியென்றால் மாமா சொன்னதும் சரிதானே. நான் உலகத்தில் இருந்ததைவிடப் பெரிய ஏஜஸும் இருக்கிறது. கேத்திலும் ஏஜஸ், செத்த மனுசனும் ஏஜஸ். இதில் அம்மாவின் ஏஜஸ் எது? அன்றிரவு முழுக்க எனக்கு அதே யோசனைதான். அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை, நன்றாக அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை பெரியம்மாவும் பெரியப்பாவும் ரயிலில் வந்து இறங்கினார்கள். பெரியம்மா எனக்கு ஒரு சிவப்புக் கம்பளிக் கோட்டு கொண்டுவந்திருந்தார். தடித்த துணி, மரப் பொத்தான். போட்டுப் பார்த்தால் அளவாக இருந்தது. காணாத பிள்ளைக்கு எப்படி அளவு பிடித்தாரோ. என்னை முன்னால் இருத்தித் தலை வாரினார். அம்மா இழுத்து வாருவார், பெரியம்மா நோகாமல் வாரினார். "அங்கை உனக்கெண்டு ஒரு அறை இருக்கு, பிள்ளை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும்." அவருடைய குரலில் இருந்த சந்தோஷத்தை நான் இப்போதுதான் சரியாகக் கேட்கிறேன். அப்போது எனக்கு அது பயமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் ரயில். சனி பின்னேரம் எல்லோரும் சின்ன மேசையைச் சுற்றி இருந்து தேத்தண்ணீர் குடித்தோம். என்னுடைய பெட்டி கதவடியில் நின்றது. மாமா லண்டனைப் பற்றிப் பெரியப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியாது.

"மாமா, போனில அந்த லோயர் ஒபிஸ் பொம்பிளை சொன்னது கனநேரமோ, கனநாளோ, கனகாலமோ?"

"என்ன கேள்வி உது? ஏஜஸ் எண்டு சொன்னவ."

"ஓம், அதுதான். அதில எதெண்டு நீங்கள் கேட்டனீங்களோ?"

மாமாவின் முகம் கறுத்தது. "ஏஜஸ் எண்டால் ஏஜஸ்தான். பெரியாக்கள் கதைக்கேக்கை சும்மா இரு."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அவர் மாமாவோடு ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"நீர் கேக்கேல்லையோ?"

"அத்தான், வெள்ளைக்காரன்ரை ஒபிசில ஒருக்காச் சொன்னதைத் திருப்பிக் கேக்கேலுமே? இங்கிலிஷ் விளங்காத ஆக்கள் எண்டு நினைப்பினம். தேங்க்யூ எண்டு வைச்சனான்."

பாருங்கள், இதுதான் நாங்கள். சிரிக்காதீர்கள். நீங்களும் செய்தவர்கள்தான். டொக்ரர் சொன்னாலும், கவுன்சிலில் சொன்னாலும், விளங்கினாலும் விளங்காவிட்டாலும் யெஸ் யெஸ் தேங்க்யூ. எவ்வளவு நாள் என்று ஒரு கேள்வி. அதைக் கேட்க வெட்கப்பட்டு ஒரு பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். ஸ்கொட்லாந்து வேறு நாடுதானே, அவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

அப்போது பெரியம்மாதான் பெரியப்பாவைக் காட்டி வாயைத் திறந்தார்.

"அவர் நாளைக்குப் போகட்டும், டியூற்றி இருக்கு. நான் நிக்கிறன். திங்கக்கிழமை நேரை போய்க் கேட்டிட்டு வாங்கோ." கொஞ்சம் பொறுத்து, "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

திங்கட்கிழமை அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு, ஊரில் இருந்து கொண்டுவந்த கோட்டைப் போட்டார். ரயில் மாறி ரயில் ஏறி குரோய்டனுக்குப் போனோம். வழியெல்லாம் அப்பாவின் உதடு அசைந்தது. கேட்க வேண்டிய ஆங்கிலத்தைப் பாடமாக்குகிறார். விசா அலுவல் பார்க்கிற அந்தப் பெரிய உயரமான அரசாங்கக் கட்டடத்தைக் கடக்கும்போது என் கையை இறுக்கிப் பிடித்தார். எங்கள் லோயர் ஒபிஸ் அதற்கு அப்பால் ஒரு சந்தில், உடுப்புத் தோய்க்கிற கடைக்கு மேலே. படி ஏறினால் சவர்க்காரமும் சூடான துணியும் மணத்தது.

உள்ளே ஒரு நடுவயதுப் பெண், ரிசெப்ஷனிஸ்ற். அப்பா எங்கள் பெயரைச் சொன்னார். நிமிர்ந்து நின்றார். பிறகு பாடமாக்கியது முழுவதும் பறந்துவிட்டது போல. கடைசியில் வந்தது இதுதான்:

"மேடம், ப்ளீஸ். ஹவ் மெனி ஏஜஸ்?"

அந்தப் பெண் விழித்தார். எத்தனை வயது என்று கேட்கிறார் என நினைத்து என்னைக் காட்டி, "இவளுக்கா?" என்றார். அப்பாவின் நெற்றியில் வேர்வை. மாமாவாக இருந்தால் அந்த இடத்தில் தேங்க்யூ சொல்லி இறங்கியிருப்பார். அப்பா இறங்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒருக்கால் கேட்டார். "யூ ஸே ஏஜஸ். மை வைஃப். ஏஜஸ். ஹவ் மெனி?"

நான் இடையில் புகுந்தேன். என் பள்ளிக்கூட முற்றத்து ஆங்கிலத்தில், நீங்கள் போனில் ஏஜஸ் என்று சொன்னீர்கள், அது எவ்வளவு காலம், என் அம்மா எப்போது வருவார் என்று கேட்டேன்.

அந்தப் பெண் கையால் வாயைப் பொத்தினார். "ஓ மை கோட்" என்றார். எழும்பிப் போய் எதையோ பார்த்துவிட்டு வந்தார். அவர் சொன்னதை நான் அப்பாவுக்குச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அனுமதி கிடைத்துவிட்டது. கொழும்பில் முத்திரை குத்துவதுதான் மிச்சம். இன்னும் சில கிழமை. "பை ஈஸ்டர். ஈஸ்டருக்குள் வந்துவிடுவார். நான் ஏஜஸ் என்றது, உங்களுக்குக் காத்திருக்கக் கஷ்டமாக இருக்குமே என்று."

அப்பா படியிறங்கினார். வீதிக்கு வந்து, பக்கத்தில் இருந்த கட்டையான மதிலில் இருந்தார்.

"ஈஸ்டர் எப்ப, குஞ்சு?"

"கடையில ஈஸ்டர் சொக்லேட் முட்டை வந்திட்டுது, அப்பா."

"முட்டை வந்திட்டுதோ?"

"ஓம். எல்லாக் கடையிலும்."

அப்பா சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணால் நீர் ஓடியது. லேஞ்சியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, "முட்டை வந்திட்டுது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவே இருக்கவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டேன் பாருங்கள், அந்த மூச்சின் சுகத்தை இத்தனை வருஷத்தில் நான் வேறு எதிலும் காணவில்லை. பிள்ளைப் பேற்றில்கூட இல்லை.

வீட்டில் பெரியம்மா கதவைத் திறந்தார். அப்பா சொன்னார். பெரியம்மா, "அம்மாளாச்சி!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய சந்தோஷம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிறகு என்னுடைய பெட்டியைத் தானே திறந்து, உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரி லாச்சிக்குள் அடுக்கினார். சிவப்புக் கோட்டையும் ஆணியில் கொழுவினார். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே கனநேரம் நின்றார். வெளியில் வந்தபோது, "தேத்தண்ணி போடட்டே?" என்றார். அவர் அன்றைக்கு, நேரே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்காவிட்டால், நான் அவருடைய பிள்ளையாக வளர்ந்திருப்பேன். அது அவருக்குத் தெரியாமல் இல்லை.

மாமா அன்றைக்கு நூலகத்தில் இருந்து பிந்தித்தான் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அகராதியிலையும் வருஷம் எண்டுதான் கிடக்கு" என்று சுவருக்குச் சொல்லிவிட்டு அறைக்குள் போனார். பாவம் மனுசன். அவரும் அப்போது இருபத்துச் சொச்சம் வயதுப் பெடியன்தானே.

ஈஸ்டருக்கு முந்திய கிழமை ஹீத்ரோவுக்குப் போனோம். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அப்பாவும் நானும் மாமாவும். கதவு திறந்து திறந்து மூடியது. அந்தக் கூட்டத்துக்குள் அம்மா வந்தார். மெலிந்திருந்தார். இடுப்பில் தம்பி, உருண்டை முகம், ஒரு காலில் மட்டும் சொக்ஸ். அம்மா தடுப்போரம் நடந்து வந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னையும் பார்த்தார்.

பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டார்.

அவருடைய கண் கீழே, கட்டையான பிள்ளைகளிடம் தேடிக்கொண்டிருந்தது. கொழும்பில் விட்ட உயரத்தில் என்னைத் தேடுகிறார். ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு "அம்மா!" என்று கத்தினேன். அங்கே நின்ற நாலைந்து பொம்பிளைகள் ஒன்றாகத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் தம்பியை யார் கையில் கொடுக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் பக்கத்தில் நின்ற ஒரு அந்நியரிடம் நீட்டிவிட்டு, என்னிடம் ஓடிவந்தார்.